முனைவர் பட்ட ஆய்வில் சேருமுன் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

முதுகலை இறுதிப் பருவத் தேர்வை முடித்து வீடு திரும்பும் மாணவரிடம் உற்றாரும் அண்டை வீட்டாரும் கேட்பது, "அடுத்து என்ன?" என்பதே. வேலை என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. முனைவர் பட்டம் என்று சொன்னாலோ, "இன்னும் எத்தனை ஆண்டு?" என்ற மறுகேள்வி எழுகிறது. படிக்கும் பிள்ளைக்கு இது எரிச்சலூட்டலாம். ஆயினும் நேர்மையாக விடை காணவேண்டிய கேள்வி அது.

முதுகலை என்பது பாடத்திட்டமும் தேர்வு நாளும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட இரண்டாண்டுப் படிப்பு. முனைவர் பட்ட ஆய்வு அத்தகையதன்று. அதன் பாடத்தை மாணவரே உருவாக்கவேண்டும். அது முடியும் நாளை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுத்த முறையிலேயே ஆய்வையும் தேர்ந்தெடுப்பது பொருந்தாது. எந்த நிறுவனம் புகழ்பெற்றது என்று மட்டும் பாராமல், எதற்காக, யாரிடம், எந்தப் பணத்தில், எத்தனை காலம் என்னும் நான்கு கேள்விகளையும் எழுப்பி விடை பெற்ற பின்னரே சேரவேண்டும் என்பது நம் கருத்து.

இதனை விளக்க ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வேதியியலில் முதுகலை முடித்த மாணவி ஒருத்தி. தந்தை சிறுகடை நடத்துகிறார். படிப்பிற்காக வாங்கிய கல்விக் கடன் 3 லட்சம் ரூபாய் நிலுவையில் உள்ளது. அவள் கையில் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள் இருக்கின்றன. முதற்கடிதம், பெயர் சொன்னாலே எவரும் அறியும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நெறியாளர் மூத்த பேராசிரியர். ஓய்வு பெற நான்கு ஆண்டுகளே உள்ளன. உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். இரண்டாம் கடிதம், அவ்வளவாகப் பெயர் அறியப்படாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நெறியாளர் நடுவயது இணைப்பேராசிரியர்; அவருக்குக் கிடைத்துள்ள மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்தில் மாதம் 30,000 ரூபாய் ஊதியத்துடன் ஓரிடம் இருக்கிறது. வீட்டார் அனைவரும் முதற்கடிதத்தையே விரும்புகின்றனர். அவர்கள் விருப்பம் சரிதானா?

முதற்கேள்வி: எதற்காக?

கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்பதே பலர் சொல்லும் காரணம். இங்கு ஒரு மாற்றத்தைக் கவனிக்கவேண்டும். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நேரடியாகச் சேர முனைவர் பட்டம் கட்டாயமன்று. நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது. முனைவர் பட்டம் கூடுதல் வலிமை தரும் என்பது உண்மை. பதவி உயர்விற்கும் அது தேவைப்படும். ஆயினும் பணியில் நுழைவதற்கு அது ஒன்றே வாயில் என்று எண்ணி ஆறு ஆண்டுகளை ஒப்படைக்க வேண்டியதில்லை.

வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று சேர்பவர்களும் உண்டு. காத்திருப்பதற்கு இது ஏற்ற இடமன்று. முதுகலை ஆய்வேட்டை எழுதியபோது தன் மனநிலை எப்படி இருந்தது என்பதை மாணவர் நினைவுகூர்ந்தால் விடை தானே கிடைக்கும். சோதனை மூன்று முறை தவறியபோதும் நான்காம் முறை செய்து பார்க்கும் ஆவல் இருந்ததா? முடிந்ததும் விட்டது தொல்லை என்று தோன்றியதா? முன்னது என்றால் ஆய்வுக்கு வரலாம். பின்னது என்றால் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மீண்டும் சிந்திப்பதில் இழப்பு ஏதுமில்லை.

சேர்க்கைக்கான வாயில்கள்

மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் இன்று நாடெங்கும் அடிப்படையாக உள்ளன. அவற்றின்படி முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வசதிபடைத்தோர் பிரிவில் வராத பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர் முதுகலை இன்றியே விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில். பட்டம் இவ்விதிமுறைகளோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

நெட் தேர்வு முடிவு 2024 ஜூன் முதல் மூன்று நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. முதல்நிலையில் தேறியவருக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தகுதியும் சேர்ந்து கிடைக்கும். இரண்டாம் நிலையினருக்கு உதவித்தொகை இல்லை. மற்ற இரண்டும் உண்டு. மூன்றாம் நிலையினர் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதியுடையவர். பின்னிரு நிலையினரின் சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை தரப்படும். சேர்க்கைக்கான அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். நம் மாணவி மூன்றாம் நிலையில் தேறியவள். ஆகவேதான் இரு கடிதங்கள் வந்தும் உதவித்தொகை அவளுக்கு உறுதியாகவில்லை.

அறிவியல், பொறியியல் மாணவர்க்கு கேட் தேர்வும் ஒரு வாயில். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். 1909இல் தோன்றிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஐஐடிகளும் இத்தகைய தேசியத் தேர்வுகளின் வழியே பலரை நேர்காணலுக்கு அழைக்கின்றன. 1945இல் தொடங்கப்பட்ட மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தனக்கென ஒரு நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இயற்பியல் மாணவர்க்கு ஜெஸ்ட் தேர்வு உண்டு. ஒரே தேர்வை நம்பியிராமல், இறுதியாண்டின் தொடக்கத்திலேயே இவற்றின் நாட்களைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மைக்ரேஷன் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் முன்னரே விண்ணப்பித்துவிடவேண்டும். சான்றிதழ் தாமதமானதால் கிடைத்த இடத்தை இழக்க நேர்வது வேதனைக்குரியது.

இரண்டாம் கேள்வி: யாரிடம்?

முதுகலையில் ஓர் ஆசிரியர் சரியில்லை என்றால் அடுத்த பருவத்தில் வேறொருவர் வருவார். முனைவர் பட்டத்தில் நெறியாளர் ஒருவரே. ஆய்வின் பொருள், வேகம், முடிவில் கிடைக்கும் பரிந்துரைக் கடிதம் அனைத்தும் அவரைச் சார்ந்தவை. நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரின் இயல்பே மாணவரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கிறது.

ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம் என்பது விதி. ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்க இயலாது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பின் 70 வயதுவரை இணை நெறியாளராக மட்டும் தொடரலாம். நம் மாணவியின் முதற்கடிதத்தில் உள்ள பேராசிரியருக்கு நான்கு ஆண்டுகள் எஞ்சியுள்ளன. ஆகவே விதிப்படி தடையில்லை. ஆனால் ஆய்வு ஐந்தாம் ஆண்டுக்கு நீளுமானால், ஆய்வேட்டை எழுதும் நெருக்கடியான காலத்தில் அவள் புதிய நெறியாளரின் கீழ் வருவாள். அவர் யார் என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஒரு நெறியாளரைப் பற்றி அறிய எளிய வழி ஒன்று உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்ற ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் இதனைப் பேணுகிறது. யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். நெறியாளரின் பெயரைத் தேடினால் அவரிடம் பட்டம் பெற்றோரின் ஆய்வேடுகள் கிடைக்கும். அவற்றில் இரண்டையேனும் படிக்கவேண்டும். பதிவு செய்த ஆண்டும் ஆய்வேடு அளித்த ஆண்டும் காணப்பட்டால் இடைவெளியைக் கணக்கிடலாம். அதன்பின் அவருடைய இப்போதைய மாணவர் ஒருவரிடமும், முடித்துச் சென்றவர் ஒருவரிடமும் பேசவேண்டும். "சார் வாரத்தில் எத்தனை முறை சந்திப்பார்? அனுப்பிய அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வரும்? இடையில் விட்டுச் சென்றவர் எவரேனும் உண்டா?" என்ற மூன்று கேள்விகளே போதும். சொல்லும் விடையோடு, சொல்லத் தயங்கும் இடத்தையும் கவனிக்கவேண்டும்.

மூன்றாம் கேள்வி: எந்தப் பணத்தில்?

ஆய்வைப் பற்றிய பேச்சில் பணத்தைக் கொண்டுவருவது பண்பன்று என்று கருதுவோர் உண்டு. ஆனால் மாத இறுதியில் விடுதிக் கட்டணம் கட்ட இயலாதவர் ஆய்வில் மனம் செலுத்துவது கடினம்.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலைக்கு உயர்ந்ததும் 42,000 ரூபாய். விடுதி வசதி கிடைக்காதவர்க்கு வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை இது கிடைக்கும். இது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்வோர்க்கு மானியக் குழு வழங்குவது மாதம் 8,000 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை ஏதுமின்றிச் சேர்வோரும் பலர். ஒரே ஆய்வகத்தில் அருகருகே அமர்ந்து ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் மற்றவரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் பெறுவது இதனால்தான்.

இப்போது நம் மாணவியின் கணக்கைப் போடுவோம். விடுதி, உணவு, பிற செலவுகள் மாதம் 9,000 ரூபாய் எனக் கொள்வோம். கல்விக் கடனுக்கு வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விலக்கு உண்டு. அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 3 லட்சம் ரூபாய்க்கு வட்டி 9 சதவீதம் என வைத்தால் ஆண்டுக்கு 27,000, அதாவது மாதம் 2,250 ரூபாய். விலக்கு முடிந்தபின் ஏழு ஆண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 4,830 ரூபாய்.

முதற்கடிதத்தை ஏற்றால், முதலாண்டில் வட்டியை மட்டும் கட்டினாலும் மாதச் செலவு 11,250 ரூபாய், வரவு 8,000, பற்றாக்குறை 3,250. இரண்டாம் ஆண்டிலிருந்து தவணையும் சேர்ந்து பற்றாக்குறை 5,830 ஆகும். ஐந்து ஆண்டுகளுக்குக் கூட்டினால் ஏறத்தாழ 3 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். தந்தையின் கடையிலிருந்து வரவேண்டிய இத்தொகை, முதுகலைக்காக வாங்கிய கடனைவிடப் பெரியது. கடிதத்தைக் கண்டு மகிழ்ந்த வீட்டாரில் எவரும் இதைக் கணக்கிட்டிருக்கவில்லை.

இரண்டாம் கடிதத்தை ஏற்றால், செலவும் தவணையும் போக மாதம் 16,170 ரூபாய் மிஞ்சும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு: திட்டம் மூன்றாண்டுகளில் முடிந்துவிடும், ஆய்வு முடியாது. எனவே மிஞ்சுவதில் மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டுவரவேண்டும். மூன்றாண்டுகளில் அசல் மட்டும் 1,80,000 ரூபாய் சேரும். நான்காம் ஆண்டின் செலவும் தவணையும் 1,65,960 ரூபாய். ஊதியம் நின்றாலும் ஓராண்டு தாங்கும்.

வட்டி விகிதமும் தவணைக் காலமும் வங்கிக்கு வங்கி மாறும். நாம் காட்டியது கணக்கிடும் முறையை மட்டுமே. வாசகர்கள் தங்கள் எண்களை இட்டுப் பார்க்கவேண்டும். மூன்று செய்திகளையும் மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, முதுகலைக் கடனின் தவணை விலக்கு முனைவர் பட்டக் காலத்திற்குத் தானாக நீளும் என்று எண்ணிவிடலாகாது. சேர்க்கைக் கடிதத்துடன் கிளையை அணுகி, நீட்டிப்பு உண்டா என்பதை எழுத்தில் பெறவேண்டும். இரண்டாவது, உதவித்தொகையின் முதல் தொகை வந்துசேரச் சில மாதங்கள் ஆவதுண்டு. ஆறு மாதச் செலவுக்கான பணம் சேமிப்பில் இருப்பது பாதுகாப்பு. மூன்றாவது, கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டிக்குப் பழைய வரி முறையைத் தேர்ந்தோர்க்கு எட்டு ஆண்டுகள்வரை, தொகை வரம்பின்றி, வருமானத்தில் கழிவு உண்டு. கடன் யார் பெயரில் உள்ளதோ, வட்டியை யார் செலுத்துகிறாரோ, அவருக்கே இது பொருந்தும்.

நான்காம் கேள்வி: எத்தனை காலம்?

குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகம் ஆறு ஆண்டுகள் என்பது விதி. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் சேர்த்து மொத்தம் பத்தாண்டுகள்வரை இடமுண்டு. ஆனால் உதவித்தொகை ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடும் என்பதை மேலே கண்டோம். விதி தரும் காலமும் பணம் தாங்கும் காலமும் ஒன்றல்ல.

முதலில் குறைந்தது 12 கிரெடிட் கொண்ட பாடத்தாள்கள்; அதன்பின் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் முன்னேற்றத்தை எடுத்துரைத்தல்; இறுதியில் ஆய்வேடு, வெளித் தேர்வாளர் இருவரின் மதிப்பீடு, வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டை அளித்த பின்னரும் முடிவு வெளியாகச் சில மாதங்கள் ஆகும். அக்காலத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பெண் பிள்ளைகளின் வீட்டில் திருமணப் பேச்சும் இக்கணக்கில் நுழைகிறது. ஆய்வா, திருமணமா என்று இரண்டிலொன்றைக் கேட்பது தேவையற்றது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள்வரை விதிமுறை அனுமதிக்கிறது. திருமணத்தாலோ பிற காரணத்தாலோ வேறூர் செல்ல நேர்ந்தால், உரிய நிபந்தனைகளுடன் ஆய்வுத் தரவுகளை அங்குள்ள கல்வி நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு தொடரவும் வழியுண்டு. பெற்றோரும் மணமகன் வீட்டாரும் இதனை அறிந்திருந்தால் பாதியில் நிற்கும் ஆய்வுகள் குறையும்.

பணியில் இருப்போர் பகுதிநேரமாகச் சேரலாம். பணியளிப்பவரிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். தொலைநிலைக் கல்வி வாயிலாகவோ இணைய வழியாகவோ முனைவர் பட்டம் நடத்த அனுமதி இல்லை. சில மாதங்களில் பட்டம் பெற்றுத் தருவதாக விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழந்துவிடக் கூடாது.

வெளிநாடு செல்ல நினைப்போர்க்கும் இதே நான்கு கேள்விகளே. அமெரிக்காவில் பல துறைகளில் ஆய்வு மாணவர்க்குக் கட்டண விலக்குடன், கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கான தொகையும் கிடைக்கிறது. ஜெர்மனியில் ஊதியம் பெறும் பணியாளராகவே ஆய்வு செய்வோர் பலர். ஆகவே முழுச் செலவையும் கடன் வாங்கிச் செய்யச் சொல்லும் ஆய்வுச் சேர்க்கை வந்தால், கையொப்பமிடுமுன் இருமுறை சிந்திக்கவேண்டும்.

நம் மாணவியின் முடிவு

அவள் எந்தக் கடிதத்தை ஏற்கவேண்டும்? முதற்பேராசிரியரிடம், ஓய்வுக்குப் பின் தனக்கு நெறியாளர் யார் என்று பணிவாக எழுதிக் கேட்கவேண்டும். இரண்டாமவரிடம், திட்டப் பணியோடு முனைவர் பட்டப் பதிவும் அதே பருவத்தில் கிடைக்குமா என்று கேட்கவேண்டும். திட்டத்தில் இடம் கிடைப்பதும் பட்டத்திற்குப் பதிவு பெறுவதும் வெவ்வேறு என்பதைப் பலர் பிந்தியே அறிகின்றனர். பதிவு உறுதியானால் இரண்டாம் கடிதமே ஏற்கத்தக்கது என்பது நம் கருத்து. அங்கு நெறியாளர் ஆய்வு முடியும்வரை இருப்பார். தந்தையின் கடையிலிருந்து பணம் எடுக்கவேண்டியதில்லை. கடன் தவணையும் தவறாது. சேர்ந்தபின் டிசம்பரில் நெட் தேர்வை மீண்டும் எழுதலாம். இளநிலை உதவித்தொகைக்கான பொது வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. முதல்நிலையில் தேறினால் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளின் கவலையும் தீரும்.

புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தை வேண்டாம் என்று சொல்லுவது எளிதன்று, ஊரார் வியப்பார்கள். ஆனால் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறிக்கப்படுவது ஆய்வை முடித்த பின்னரே. முடிக்கக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் அறிவு.

வீட்டில் யாரேனும் இந்த ஆண்டு முதுகலை முடிப்பவராயின், ஒரு மாலைப் பொழுதில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தமர்ந்து ஒரு தாளில் நான்கு கேள்விகளையும் எழுதி விடைகளை நிரப்பிப் பாருங்கள். விடை எழுத இயலாத இடம் எதுவோ, அதைப் பற்றித்தான் சேருமுன் கேட்டறியவேண்டும். "இன்னும் எத்தனை ஆண்டு?" என்று அண்டை வீட்டார் அடுத்த முறை கேட்கும்போது, "ஐந்து ஆண்டு, அதற்கான வழியையும் செய்து வைத்திருக்கிறோம்" என்று அமைதியாகச் சொல்ல முடியும்.